அத்தியாயம் 7: சுவரில் தொங்கும் சாட்சி

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தை மனதில் கொண்டுவாருங்கள். பின்னேரம் நான்கரை மணி. கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குகிறது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் சாக்கைத் தோளிலிருந்து இறக்கி வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கொழுந்தும் நிறுக்கப்படுகிறது. கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். அன்றைய நிறுவைகள் கூட்டப்பட்டு செக்ரோலில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் போடுவது அந்தச் செக்ரோலைப் பார்த்துத்தான்.

அந்த வரிசையில் நின்ற ஓர் அம்மா வீட்டுக்குப் போனதும் லயத்துச் சுவரில் தொங்கும் கலண்டரில், அன்றைய திகதிக் கட்டத்துக்குள், பென்சிலால் ‘18’ என்று எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். ஒரு பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத்தின் கணக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 18 என்றால் ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி. 17 என்றால் அரைப்பேர். செக்ரோலில் 8 ஒன்று 7 ஆனால் போதும், அரை நாள் கூலி போய்விடும். அது கைதவறியும் நடக்கலாம், வேண்டுமென்றும் நடக்கலாம். சம்பள நாளில் அவர் அந்தக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு ஒபீசுக்குப் போனால், அவர் கையில் இருப்பது ஒரு சாட்சி.

அந்தச் சாட்சிக்கு மூன்று பலம் உண்டு. சம்பவம் நடந்த அன்றே எழுதப்பட்டது. ஒபீசுக்கு வெளியே இருக்கிறது. செக்ரோலை எழுதும் கை அதைத் தொட முடியாது. கணினிகளைக் காக்க உலகம் கண்டுபிடித்த முக்கியமான முறைகளில் ஒன்று இந்த மூன்று பலங்களின்மேல்தான் நிற்கிறது. ஃபைல் இன்டெக்ரிட்டி மொனிட்டரிங் என்பது அதன் பெயர். தமிழில் கோப்பு நேர்மைக் கண்காணிப்பு என்று சொல்லலாம். அது எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி அமைப்பது என்பதே இந்த அத்தியாயம்.

அழித்த தடம் இல்லாத ஏடு

சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. நிறை நேரே கணினிக்குள் போகிறது. வேகம் கூடுகிறது, கூட்டல் பிழை குறைகிறது. ஆனால் காகிதத்துக்கு இருந்த ஒரு குணம் இங்கே இல்லை. காகிதத்தில் 8ஐ அழித்து 7 எழுதினால் அழித்த இடம் மெலியும், மையின் நிறம் மாறும், எழுத்தின் சாய்வு மாறும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். கணினிக் கோப்பில் 8ஐ 7 ஆக்கினால் அந்த 7 பிறவியிலேயே 7 போல இருக்கும்.

கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்று கணினி ஒரு நேரத்தைக் குறித்து வைக்கும். அதை நம்பலாமா? உள்ளே புகுந்து போதிய அதிகாரத்தைப் பிடித்தவருக்கு அந்த நேரத்தை மாற்றி எழுதுவது ஒரே ஒரு கட்டளை. கோப்பின் அளவும் உதவாது. 18 என்பதும் 17 என்பதும் இரண்டு இலக்கங்கள்தான். ஆகவே உள்ளடக்கத்தையே பார்க்க வேண்டும். ஒரு சாதாரணக் கணினியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முழுப் பிரதி எடுத்து வைத்து, தினமும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது பெரிய சுமை. கோப்பு முழுவதற்கும் பதிலாக நிற்கக்கூடிய சிறிய அடையாளம் ஒன்று தேவை.

மூன்று பேரின் கணக்கு

அந்த அடையாளத்தை நாமே உருவாக்கிப் பார்ப்போம். மூன்று பேர் எடுத்த கொழுந்து முறையே 18, 16, 21 கிலோ. கூட்டினால் 55. இந்த 55ஐ ஒரு துண்டில் எழுதி வேறிடத்தில் வைத்துக்கொள்கிறோம். யாராவது ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறும், பிடித்துவிடலாம்.

ஆனால் முதலாமவரின் நிறையையும் இரண்டாமவரின் நிறையையும் ஒருவர் இடம் மாற்றி எழுதினால்? 16, 18, 21. கூட்டுத்தொகை அதே 55. முதலாமவர் அரைப்பேர் ஆகிவிட்டார், நம் துண்டு பேசாமல் இருக்கிறது.

சரி, இடத்தையும் கணக்கில் சேர்ப்போம். முதல் எண்ணை ஒன்றாலும், அடுத்ததை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டுவோம். 18 + 32 + 63 = 113. இடம் மாற்றிய பட்டியலில் 16 + 36 + 63 = 115. பிடிபட்டது. இனி 55, 113 என்ற இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். முதலாமவரிடமிருந்து ஒரு கிலோ எடுக்கிறார், இரண்டாமவருக்கு இரண்டு கிலோ கூட்டுகிறார், மூன்றாமவரிடமிருந்து ஒரு கிலோ எடுக்கிறார். பட்டியல் 17, 18, 20 ஆகிறது. கூட்டிப் பாருங்கள்: 55. பெருக்கிக் கூட்டுங்கள்: 17 + 36 + 60 = 113. இரண்டு சோதனைகளும் சரி என்கின்றன. ஒருவருக்கு அரை நாள் கூலி போயிருக்கிறது.

தற்செயலான பிழையைப் பிடிக்க எளிய கூட்டல் போதும். திட்டமிட்டு மாற்றுபவரைப் பிடிக்க அது போதாது, ஏனென்றால் நமது சூத்திரம் அவருக்கும் தெரியும். சூத்திரம் தெரிந்த பிறகும் ஏமாற்ற முடியாத அடையாளம் வேண்டும்.

அப்படிப்பட்ட அடையாளத்தைத் தருவதுதான் ஹாஷ் என்ற கணித முறை. இன்று பரவலாகப் பயன்படும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ், எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும். எழுதினால் 64 குறிகள். ஒரு வரிக் கடிதமானாலும் சரி, பதுளை மாவட்டத் தோட்டங்கள் அத்தனையினதும் செக்ரோலானாலும் சரி, விடை 64 குறிகள்தான். கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் விடையின் பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும். பழைய விடைக்கும் புதிய விடைக்கும் எந்த உறவும் தென்படாது. வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதே விடையைத் தரும் வேறொரு கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்க இன்றைய கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது.

சம்பளத்தாளில் வைக்கும் பெருவிரல் ரேகையைப் போன்றது இது. ரேகையிலிருந்து ஆளைச் செய்துவிட முடியாது. ஆள் வந்தால் ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம்.

எல்லா ஹாஷும் இந்த உறுதியோடு நிலைக்கவில்லை. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்த எம்டி5 நெடுங்காலம் உலகெங்கும் புழங்கியது. 2004இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 ரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு தரவுகளைக் காட்டினார்கள். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் சேர்ந்து எஸ்எச்ஏ-1 முறைக்கும் அதே கதியைக் காட்டின: இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகள், ஒரே ரேகை. நாம் மூன்று பேர் கணக்கில் செய்த தந்திரத்தின் மிகப் பெரிய வடிவம் அது. ஆகவே கண்காணிப்பை அமைக்கும்போது எடுக்கவேண்டிய முதல் முடிவு: எம்டி5ஐயோ எஸ்எச்ஏ-1ஐயோ தனியே நம்பாதீர்கள், எஸ்எச்ஏ-256ஐத் தெரிவு செய்யுங்கள்.

கணினிக்குள் ஒரு பெரட்டு

1988 நவம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் எழுதிய ஒரு புழு நிரல் அன்றைய இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபோர்ட். அந்த நாட்களில் கணினி நிருவாகிகளை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவன் உள்ளே வந்து போய்விட்டான் என்று தெரிகிறது. அவன் எதை மாற்றிவிட்டுப் போனான்? ஆயிரக்கணக்கான நிரல்களில் எது பழையது, எது அவன் வைத்துவிட்டுப் போனது?

1992இல் ஸ்பாஃபோர்டும் அவருடைய மாணவர் ஜீன் கிம்மும் ட்ரிப்வயர் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். இரவில் வருபவரின் கால் இடறும்படி நிலத்தோடு கட்டிய கம்பி என்பது அந்தப் பெயரின் பொருள். அது செய்தது ஒரு பெரட்டு. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கும்போது மூன்று விடயங்கள் தெரியவரும். பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆள் வரவில்லை. ஆள் வந்திருக்கிறார், பட்டியலில் இல்லை. பெயர் ஒன்று, நிற்கும் ஆள் வேறு. ட்ரிப்வயரும் ஒவ்வொரு கோப்பின் ரேகையையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்தது. பிறகு குறித்த வேளைகளில் எண்ணிப் பார்த்து, காணாமல் போனவை, புதிதாக வந்தவை, மாறியவை என்று அறிக்கை தந்தது. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் எய்ட், ஓசெக், வாசூ போன்ற கருவிகள் எல்லாம் இந்த ஒரே பெரட்டின் வழி வந்தவை.

இதன் பயனைக் காட்டும் அழகான சம்பவம் 2003 நவம்பரில் நடந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மூல நிரல் ஓரிடத்தில் இருந்தது. பிறர் வசதிக்காக அதன் பிரதி இன்னோர் இடத்தில் இருந்தது. யாரோ பிரதிக்குள் நுழைந்து இரண்டே வரிகளைச் சேர்த்திருந்தார்கள். பார்வைக்கு, பயனர் எண் பூச்சியத்துக்குச் சமமா என்று கேட்கும் ஒரு சாதாரண வரி. ஆனால் இரண்டு சமக்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு சமக்குறி என்றால் ‘சமமா?’ என்ற கேள்வி. ஒரு சமக்குறி என்றால் ‘சமமாக்கு’ என்ற கட்டளை. பூச்சியம் என்பது லினக்ஸில் முழு அதிகாரம் கொண்டவரின் எண். அந்த வரி நிலைத்திருந்தால், இரகசியம் தெரிந்த எவரும் கணினியின் முதலாளி ஆகியிருப்பார். மூலத்தையும் பிரதியையும் ஒப்பிடும் சோதனை, அனுமதிப் பதிவு இல்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது என்று காட்டியது. ஒரு சமக்குறியின் குறைவு பிடிபட்டது, இரண்டாவது இடத்தில் இன்னொரு பதிவு இருந்ததால்.

டாக்காவில் இரண்டு பைட், கொழும்பில் ஓர் எழுத்து

2016 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளிலிருந்து நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணக் கட்டளைகள் போயின. மொத்தம் 95 கோடி டொலர். அனுப்பியது வங்கி அல்ல, உள்ளே புகுந்திருந்த திருடர்கள். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 2 கோடி டொலர் நமது இலங்கைக்கு, ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்த கணக்கை நோக்கி வந்தது.

அந்த 2 கோடி தப்பியது ஓர் எழுத்துப் பிழையால். பெறுபவரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்று ஆங்கிலத்தில் வரவேண்டிய சொல் ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக இருந்தது. இடையில் நின்ற டொய்ச்ச வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. பணம் திரும்பிப் போனது. ஒரு மனிதக் கண் ஒப்பிட்டுப் பார்த்ததன் விலை 2 கோடி டொலர்.

டாக்காவில் கணினிக்குள் நடந்ததை பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஏப்ரலில் விவரித்தார்கள். வங்கிகளுக்கிடையே பணச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் மென்பொருளில், தரவுத்தளத்தோடு பேசும் ஒரு பகுதிக்குள் ஒரு சரிபார்ப்பு இருந்தது. சரிபார்ப்பு தோற்றால் வேறு வழியில் தாவு என்பது கட்டளை. அந்தக் கட்டளையின் நீளம் இரண்டு பைட். திருடர்களின் நிரல் அந்த இரண்டு பைட்டையும் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற பொருள் தரும் இரண்டு பைட்டாக மாற்றியது. அதன் பிறகு சரிபார்ப்பு தோற்றாலும் வென்றதாகவே மென்பொருள் எடுத்துக்கொண்டது. 18ஐ 17 ஆக்குவது போன்ற சின்ன மாற்றம்தான், அளவில்.

அவர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். ஒவ்வொரு பணக் கட்டளைக்கும் உறுதிச் செய்தி ஒன்று காகிதத்தில் அச்சாகி வரும். அந்த அச்சு வராதபடி தடுத்தார்கள். அந்த அச்சுப் பிரதிதான் வங்கியின் சுவர்க் கலண்டர். ஆனால் அது தனிக் கையால் எழுதப்பட்டதல்ல. திருடர்கள் பிடித்துவைத்திருந்த அதே கணினியிலிருந்து வந்தது. அதனால் சாட்சியின் வாயை அடைக்க அவர்களால் முடிந்தது.

கோப்புக் கண்காணிப்பு இருந்திருந்தால் பிடித்திருக்குமா? இங்கே கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பைட் மாறியது வட்டில் கிடந்த கோப்பில் அல்ல, ஓடிக்கொண்டிருந்த நிரலின் நினைவகத்தில். வட்டில் அந்தக் கோப்பு மாறாமலே இருந்தது. அதன் ரேகையை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தெரிந்திருக்கும். ஆனால் நினைவகத்தை மாற்றிய நிரல் ஆகாயத்திலிருந்து வரவில்லை. அது ஒரு புதிய கோப்பாக வட்டில் வந்து உட்கார்ந்திருந்தது, தனக்கென அமைப்புக் கோப்பு ஒன்றையும் வைத்திருந்தது. பட்டியலில் இல்லாத ஆள் பெரட்டில் நிற்கிறார் என்று சொல்லும்படி அமைத்த கண்காணிப்பு அதைக் கண்டிருக்கும். இருப்பவை மாறினவா என்று மட்டும் பார்க்கும் அமைப்பு கண்டிருக்காது. எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

இந்தத் திருட்டுக்குப் பிறகு ஸ்விஃப்ட் நிறுவனம் தன் உறுப்பு வங்கிகளுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. மென்பொருளின் நேர்மையைச் சரிபார்ப்பதும் தரவுத்தளத்தின் நேர்மையைச் சரிபார்ப்பதும் அவற்றில் தனித்தனி விதிகளாக இருக்கின்றன.

எப்படி அமைப்பது?

எதைப் பார்ப்பது என்பது முதல் கேள்வி. எல்லாவற்றையும் பார்ப்போம் என்று தொடங்குபவர்கள் ஒரு வாரத்தில் கைவிடுவார்கள். கணினியில் நொடிக்கு நொடி மாறும் கோப்புகள் நிறைய உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வந்தால் உண்மையான எச்சரிக்கை அந்தக் கூட்டத்தில் புதைந்துபோகும். ஆகவே கோப்புகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதல் வகை, தோட்டத்தின் எல்லைக்கல் போன்றவை. அனுமதி பெற்ற நாளில் தவிர நகரவே கூடாது. இயங்குதளத்தின் நிரல்கள், அமைப்புக் கோப்புகள், பயனர் பட்டியல், கணினி தொடங்கும்போது ஓடவேண்டிய கட்டளைகள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் எது மாறினாலும், புதியது எது வந்தாலும் உடனே தெரிய வேண்டும். இரண்டாம் வகை, செக்ரோல் போன்றவை. கீழே புதிய வரி சேரலாம், மேலே உள்ள பழைய வரி மாறக் கூடாது. நடந்ததைப் பதியும் குறிப்பேட்டுக் கோப்புகள் இவை. அளவு வளர்வதை அனுமதித்து, குறைந்தால் கூவும்படி அமைக்கலாம். இன்னும் நல்லது, ஒவ்வொரு வரியையும் எழுதிய உடனே வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுவது. மூன்றாம் வகை, நிறுத்தவுடன் காலியாகும் தராசுத் தட்டு. தற்காலிகக் கோப்புகளை விட்டுவிடலாம். ஆனால் திருடர்களுக்கும் அந்த இடம் பிடிக்கும். அங்கிருந்து நிரல்கள் ஓட முடியாதபடி தடுத்துவிட்டு அதன் பிறகு விடுங்கள்.

எந்தக் குணங்களைப் பார்ப்பது என்பது இரண்டாவது. உள்ளடக்கத்தின் ரேகையோடு, கோப்பின் உரிமையாளர் யார், யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிகளையும் பதிய வேண்டும். செக்ரோல் கோப்பின் உள்ளடக்கம் மாறாமலே, அதை எவரும் எழுதலாம் என்று அனுமதி மாறியிருந்தால் அது நாளைய திருட்டுக்கு இன்று திறந்து வைத்த கதவு.

மூன்றாவது, முதல் பட்டியலை எப்போது எடுப்பது, எங்கே வைப்பது. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பட்டியலை எடுக்கும் நாளில் கணினி சுத்தமாக இருக்க வேண்டும். இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, வெளி வலையமைப்போடு இணைப்பதற்கு முன்பே எடுப்பது சிறந்தது. திருடன் உள்ளே இருக்கும்போது பட்டியல் எடுத்தால் அவன் பெயரும் பட்டியலில் ஏறிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு பெரட்டிலும் அவன் நல்ல தொழிலாளி. எடுத்த பட்டியலை அதே கணினியில் வைக்கக் கூடாது. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வட்டில், அல்லது வேறொருவர் பொறுப்பில் உள்ள இன்னொரு கணினியில் வைக்க வேண்டும். கலண்டர் ஒபீஸ் சுவரில் தொங்கினால் அது சாட்சி ஆகாது.

நான்காவது, எத்தனை வேளைக்கு ஒருமுறை. வங்கி அட்டைக் கொடுப்பனவுகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்ற சர்வதேசத் தரம், முக்கியக் கோப்புகளைக் குறைந்தது வாரம் ஒருமுறை ஒப்பிடச் சொல்கிறது. வாசூ மென்பொருள், நாம் எதையும் மாற்றாவிட்டால், 43,200 விநாடிகளுக்கு ஒருமுறை, அதாவது 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்க்கும். லினக்ஸில் 2005 முதல் ஐநோட்டிஃபை என்ற வசதி உண்டு. கோப்பு மாறிய கணமே அது தகவல் சொல்லும். எல்லைக்கல் வகைக் கோப்புகளுக்கு உடனடிக் கண்காணிப்பும், மற்றவற்றுக்கு நாளாந்தப் பெரட்டும் என்று கலந்து வைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

ஐந்தாவது, அனுமதி பெற்ற மாற்றங்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறும். எந்த நாள், எந்த நேரம், யார் புதுப்பிக்கிறார் என்பதை முன்கூட்டி எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் வந்த மாற்றங்களை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதிய பட்டியலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பிடாமல் ‘எல்லாம் சரி’ என்று ஒரே பொத்தானை அமத்தும் பழக்கம் வந்துவிட்டால் இவ்வளவு ஏற்பாடும் வீண்.

கடைசியாக, எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? கணினியை நிருவகிப்பவருக்கு மட்டும் போனால், அவரே மாற்றியவராக இருக்கும் நாளில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஒருவருக்கும் போக வேண்டும். அமைத்து முடித்ததும் ஒரு சோதனைக் கோப்பை வேண்டுமென்றே மாற்றுங்கள். எச்சரிக்கை வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது, அந்த இரண்டாவது ஆள் அதை வாசித்தாரா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒரு பெப்ரவரிக் காலை

2021 பெப்ரவரி 5ஆம் திகதி, நாள் சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாள் சனிக்கிழமை காலை, கூகுளின் இலங்கை முகவரியான கூகுள் டொட் எல்கே பக்கத்தைத் திறந்த பலருக்கு வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் படும் பாடு என்று பலவற்றை அந்தப் பக்கம் பேசியது. அன்று காலையிலேயே அது சரிசெய்யப்பட்டது.

கூகுளின் கணினிகளை யாரும் தொட்டிருக்கவில்லை. டொட் எல்கே பெயர்களை நிருவகிக்கும் பதிவகத்தின் பதிவுகள்தான் மாற்றப்பட்டிருந்தன. இந்தப் பெயரைக் கேட்டால் இந்த முகவரிக்கு அனுப்பு என்று சொல்லும் பதிவுகள் அவை. தொழிலாளர் துயரம் நியாயமானதுதான். ஆனால் பதிவை மாற்றும் கை இன்று நியாயம் பேசலாம், நாளை அதே வழியில் ஒரு போலி வங்கிப் பக்கத்தையும் காட்டலாம். நிரல்களைக் காத்தால் மட்டும் போதாது. வழிகாட்டும் அமைப்புக் கோப்புகளும் பெயர்ப் பதிவுகளும் எல்லைக்கல் வகையில் சேர வேண்டும் என்பதை அந்தக் காலை நமக்குக் காட்டியது.

சாட்சிக்கும் எல்லை உண்டு

இந்த முறையால் முடியாதவற்றையும் சொல்ல வேண்டும். நினைவகத்தில் மட்டும் நடப்பது இதற்குத் தெரியாது, டாக்காவில் பார்த்தோம். இயங்குதளத்தின் அடித்தளமே திருடர் கையில் போய்விட்டால், கோப்பைக் காட்டு என்று கேட்கும்போது பழைய கோப்பைக் காட்டி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் வேறொரு சுத்தமான வட்டிலிருந்து கணினியைத் தொடக்கிப் பார்க்க வேண்டும்.

மாற்றத்தைக் கண்டுபிடிப்பது இழந்ததைத் திருப்பித் தராது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணய நிரல் ஒன்று தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாததால். ரேகை, கோப்பு மாறிவிட்டது என்று சொல்லும். பழைய கோப்பைத் தருவது காப்புப் பிரதிதான். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய எல்லை இன்னொன்று. முதலில் எழுதியது உண்மையா என்று ரேகைக்குத் தெரியாது. தராசில் 18 காட்டியபோதே 17 என்று பதிந்திருந்தால், கண்காணிப்பு அந்த 17ஐயே இரவும் பகலும் விசுவாசமாகக் காக்கும். ஆகவே முதல் எழுத்து விழும் இடத்தில், தராசின் பக்கத்தில், கொழுந்து எடுத்தவரின் கண்ணும் கையும் இருக்க வேண்டும்.

பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்து லயங்களிலிருந்து கணினி படிக்கப் போகும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களில் யாராவது ஒரு நாள் தோட்டக் கணக்குக்கான மென்பொருளை எழுதும் இடத்தில் உட்காரலாம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறை பதிவான உடனே திகதி, கிலோ, அன்றைய பதிவின் ரேகை மூன்றும் அச்சான ஒரு துண்டு, கொழுந்து கொடுத்தவர் கைக்குப் போகும்படி அமையுங்கள். அன்றைய பதிவுகள் அத்தனையினதும் ரேகை, தோட்ட ஒபீசுக்கு வெளியே, தொழிற்சங்கமும் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் இருக்கட்டும். இதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசம், கணிதம் எல்லோருக்கும் பொது. ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருக்கும் கணக்கைக் கணக்கென்று ஏற்காதீர்கள்.